கொல்லிமலை மருத்துவப் பணியும் அரசு ஊழியர் நன்கொடை திரட்டும் விதிகளும்

கொல்லிமலையில் நவீன மருத்துவம் நன்கொடைப் பணத்தில் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்த மிஷனரிகள், மருந்து கொடுப்பவர்களாகவும் அந்த மருந்துக்குப் பணம் கேட்பவர்களாகவும் இருந்தனர். பின்னர் மருத்துவம் அரசின் கடமையானது. அரசு மருத்துவரும் அரசுப் பல்கலைக்கழக ஊழியரும் தாம் பணியாற்றும் மருத்துவமனைக்காகக்கூட அனுமதியின்றிப் பணம் கேட்கக் கூடாது என்ற விதி வந்தது. இந்த மாற்றம் ஏன் ஏற்பட்டது, அதற்கு எங்கெங்கே விலக்கு அளிக்கப்பட்டது, தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் அதற்கு என்ன மாற்று வழி காணப்பட்டது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

மலையும் மக்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டம் ஆகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலை மேல் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். ஊர்கள் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்று நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடிப்பெருக்கை ஒட்டி இங்கு ஓரி விழா நடைபெறுகிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. சங்கப் புலவர்கள் போற்றிய கொடையில் கொடுப்பவன் அரசன், கேட்பவர் பாணரும் புலவரும். கேட்பது இழிவு என்ற எண்ணமும், இல்லாதவருக்காகக் கேட்பது இழிவல்ல என்ற எண்ணமும் தமிழ் மரபில் ஒருங்கே இருந்து வந்துள்ளன. மருத்துவமனைக்கு நிதி திரட்டும் பணி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

சாலை வருவதற்கு முன் மலையில் நோயுற்றவர்களை டோலி கட்டித் தூக்கி அடிவாரத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மலையேறத் தயங்கினர். நின்ற நீரைக் குடிப்பதால் வரும் நரம்புச் சிலந்தி நோயும் பரவலாக இருந்தது.

பிராண்ட் தம்பதியர்

ஜெசி பிராண்ட் 1885இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டட வேலை பயின்றவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்கான ஓராண்டுப் பயிற்சி பெற்றார். முழு மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சங்கத்தின் ஊழியராக 1907இல் இந்தியா வந்து, மலையடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம் பகுதியில் பணியாற்றினார். 1913இல் ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸை மணந்தார். ஈவ்லின் 1879இல் பிறந்தவர், லண்டனில் வசதியான வணிகர் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஓவியம் பயின்றவர். திருமணத்துக்குப் பின் இருவரும் கொல்லிமலையில் வாழவந்தியில் குடியேறினர். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914 ஜூலை 17 அன்று பிறந்தார். மகள் கானி அவருக்குப் பின் பிறந்தார்.

அவர்களுடைய முதல் நோக்கம் சமயப் பரப்பு. தொடக்க ஆண்டுகளில் மலைமக்கள் அவர்களை நம்பவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் காய்ச்சலில் இறக்கும் தறுவாயில் தம் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன் பின்னரே மக்கள் அவர்களை நெருங்கி வந்தனர். ஜெசி மருந்து கொடுத்தார், சீழ்க்கட்டிகளை அறுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக வெளியே எடுத்தார். மருத்துவத்தோடு பள்ளி, தச்சு வேலை, ஓடு செய்தல், பட்டுப்புழு வளர்ப்பு ஆகியவற்றையும் தொடங்கினார்.

மிஷன் பணிகள் நடந்த விதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஊழியருக்கு ஊதியம் சங்கத்திலிருந்து வரும். அச்சங்கத்தின் பணம் இங்கிலாந்துச் சபைகளின் காணிக்கையிலிருந்து வரும். ஊழியர் தாம் கண்டவற்றைக் கடிதமாக எழுதுவார். விடுமுறையில் ஊர் திரும்பும்போது கூட்டங்களில் பேசுவார். அக்கடிதமும் பேச்சும்தான் நிதி வேண்டுகோள். நோயாளியைத் தொட்டுப் பார்த்தவரே பணமும் கேட்டார். அதனால் வேண்டுகோளுக்கு வலிமை இருந்தது. பணம் கொடுத்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர்; நோயாளிகள் கொல்லிமலையில் இருந்தனர். ஆகவே மருத்துவர் முன் நிற்கும் நோயாளியிடம் கை நீட்ட வேண்டிய நிலை எழவில்லை. பிற்கால விதிகளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

1929 ஜூன் 15 அன்று, மலேரியாவின் கடும் விளைவான கருநீர்க் காய்ச்சலால் ஜெசி பிராண்ட் இறந்தார். வயது 44.

ஈவ்லின் பிராண்டின் பிற்காலம்

கணவர் இறந்த பின் இங்கிலாந்து சென்ற ஈவ்லின் மீண்டும் இந்தியா வந்து சங்கத்தின் பணியைத் தொடர்ந்தார். ஆயினும் கொல்லிமலையில் நிலையாகத் தங்கிப் பணியாற்றச் சங்கம் அவரை விடவில்லை. 1947இல் 68 வயதில் பணி ஓய்வு பெற்றதும் மலைக்கே திரும்பினார். அப்போது அவருக்குச் சங்கத்தின் பொறுப்பும் இல்லை, ஆதரவும் இல்லை. மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுத்தார். கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் மலை போன்ற அண்டை மலைகளுக்கும் சென்றார். 1974 டிசம்பர் 18 அன்று 95ஆம் வயதில் காலமானார். வாழவந்தியில் கணவர் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் எதிர்த்துப் போராடிய நரம்புச் சிலந்தி நோய் பின்னர் இந்தியாவிலிருந்தே ஒழிந்தது. 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடாகச் சான்றளித்தது. ஊர்தோறும் பாதுகாப்பான குடிநீர் தந்ததும், படிக்கிணறுகளை மாற்றியமைத்ததும், சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று கண்காணித்ததும் இதற்குக் காரணம். இவை பொதுப்பணத்தால் நடந்தவை. நன்கொடையால் ஒரு மலையில் ஒரு பணியைத் தொடங்க முடிந்தது. ஒரு நோயை நாடு முழுவதும் ஒழிக்க அரசின் வரிப்பணம் தேவைப்பட்டது.

வேலூர்: பல்கலைக்கழக இணைப்பும் நிதியும்

கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் லண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கவைக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். சிகிச்சை பெற்றவர்கள் தங்கித் தொழில் பழக நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு அமைந்தது. அதற்கான தொடக்கப் பணம் முதிய மிஷனரிப் பெண் ஒருவரின் நன்கொடை.

வேலூர்க் கல்லூரியின் வரலாறே அதன் ஆசிரியர் நிதி திரட்டிய வரலாறுதான். ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்தபோது, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அப்பணத்தில் கட்டிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது.

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. என்ற பட்டயப் படிப்பை நிறுத்தி, இனிப் பல்கலைக்கழகப் பட்டமான எம்.பி.பி.எஸ். மட்டுமே என்று முடிவு செய்தது. பட்டப் படிப்புக்குப் பல்கலைக்கழக இணைப்பு வேண்டும். இணைப்பு கிடைக்கக் கூடுதல் படுக்கைகளும் ஆய்வகங்களும் பேராசிரியர்களும் வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டும். ஐடா ஸ்கடர் 1941இல், தம் 70ஆம் வயதில், நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனை ஒன்றுக்காக அதன் ஆசிரியர் ஊர் ஊராகச் சென்று பணம் கேட்க முடிந்தது. அது தனியார் அறக்கட்டளை என்பதே காரணம். அதே காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அவ்வாறு செய்ய எண்ணியிருந்தால் அரசின் முன் அனுமதி தேவைப்பட்டிருக்கும்.

அரசுப் பணிக்கு வெளியே

விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டில் நன்கொடையால் வளர்ந்த இரு மருத்துவ நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.

முதலாவது சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு பணி தொடங்கியது. டாக்டர் வி. சாந்தா அரசுப் பணித் தேர்வில் வென்று, அரசு மகளிர் மருத்துவமனையில் பணி நியமனம் பெற்றவர். அதை விட்டு 1955இல் அடையாறு மருத்துவமனையில் சேர்ந்தார். பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் மக்களிடமும் நிறுவனங்களிடமும் தம் மருத்துவமனைக்காக உதவி கேட்டார். அரசு ஊழியராக இருந்திருந்தால் இது இயலாது.

இரண்டாவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தவர். அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். பந்தல், உணவு, போக்குவரத்து ஆகிய செலவுகளை உள்ளூர்ச் சங்கங்கள் ஏற்றன. சிகிச்சை மருத்துவர் கையில், செலவு ஊரார் கையில் என்ற பிரிவினை அங்கு இருந்தது. 1976இல், 58 வயதில் ஓய்வு பெற்ற பின்னரே, 11 படுக்கைகளுடன் சொந்த மருத்துவமனையைத் தொடங்கினார்.

அரசு ஊழியரைக் கட்டுப்படுத்தும் விதிகள்

அரசு ஊழியர் நிதி திரட்டுவது குறித்து இந்தியாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல விதிகள் உள்ளன.

மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964. இதன் 12ஆம் விதிப்படி, அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த நோக்கத்துக்காகவும் பணமாகவோ பொருளாகவோ நிதி கேட்பதும் பெறுவதும் அதில் பங்கேற்பதும் கூடாது. நோக்கம் நல்லதா தீயதா என்று விதி பிரித்துப் பார்ப்பதில்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 இதே வழியில் அமைந்தவை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. எனினும் அவற்றின் பேராசிரியர்கள் பல்கலைக்கழக ஊழியர்கள் அல்லர்; அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை ஊழியர்கள். ஆகவே அரசு ஊழியர் விதிகள் அவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும்.

ஊழல் தடுப்புச் சட்டம், 1988. பல்கலைக்கழகத் துணைவேந்தர், பேராசிரியர், ஆசிரியர், பிற ஊழியர் ஆகிய அனைவரும் இச்சட்டப்படி பொது ஊழியர்கள். தம் கடமையைச் செய்வதற்கு ஈடாகப் பணம் கேட்டால், அது மருத்துவமனைக்காகக் கேட்டது என்று சொல்லித் தப்ப இயலாது. 2018 திருத்தத்துக்குப் பின், மற்றொருவருக்காகக் கேட்டாலும் குற்றமே என்பது மேலும் தெளிவாக்கப்பட்டது.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. அரசு ஊழியரும், அரசுக்குச் சொந்தமான அல்லது அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்புகளின் ஊழியரும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை இது தடை செய்கிறது. 2020 திருத்தம் பொது ஊழியர் அனைவரையும் இத்தடைக்குள் கொண்டுவந்தது. ஐடா ஸ்கடர் சென்ற வழியில் இன்று அரசு மருத்துவர் எவரும் செல்ல இயலாது.

இவ்விதிகளுக்கு வலுவான காரணம் உண்டு. அரசு மருத்துவரிடம் வருபவர் ஏழை. சிகிச்சை அவருக்கு உரிமை. வெள்ளை அங்கி அணிந்தவர் ‘மருத்துவமனை வளர்ச்சிக்காக ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டால், அது வேண்டுகோளா கட்டணமா என்று நோயாளியால் பிரித்தறிய முடியாது. கொடுக்காவிட்டால் ஊசி தாமதமாகுமோ என்று அஞ்சுவார். கொல்லிமலையின் மேலூர் ஒன்றிலிருந்து நாள் கூலியை விட்டு இறங்கி வந்த ஒருவர் அந்த நிலையில் ‘இல்லை’ என்று சொல்வது எளிதன்று. கல்விக்கூடங்களிலும் இதே நிலை உண்டு. சேர்க்கைக்கு ஈடாக நன்கொடை என்ற பெயரில் பணம் பெறும் வழக்கத்தைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் தனிச் சட்டம் இயற்றியது. நன்கொடை என்ற சொல்லே கட்டாய வசூலைக் குறிப்பதாக மாறிவிட்ட காலம் அது.

விதிகளுக்கு இழப்பும் உண்டு. எந்த வார்டில் எந்தக் கருவி இல்லை என்பதை நன்கு அறிந்தவர் அங்கு பணியாற்றும் மருத்துவரும் செவிலியருமே. கொடுக்க மனமுள்ளவர் நம்புவதும் அவர்களையே. அவர்கள் பேசக் கூடாது என்றால் தேவை வெளியே தெரியாமல் போகிறது.

அரசு அளித்த விலக்குகள்

அரசு ஊழியர் பணம் திரட்டுவதை எல்லா இடங்களிலும் அரசு தடுக்கவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று படைவீரர் கொடிநாள் நிதி திரட்டப்படுகிறது. 1949இல் தொடங்கிய இவ்வசூலில் மாவட்ட ஆட்சியர் முதல் பள்ளி ஆசிரியர் வரை பங்கேற்கின்றனர். கொடிநாள் வசூலில் ஊழியர் தாமாக முன்வந்து ஈடுபடத் தனி அனுமதி தேவையில்லை என்பது மத்திய அரசின் விளக்கம். தாமாக முன்வருதல் என்பதே இவ்விலக்கின் அடிப்படை.

மருத்துவத்துக்கு நெருக்கமான உதாரணம் காசநோய் வில்லை. இதன் தொடக்கம் டென்மார்க்கில். ஐனார் ஹோல்பெல் என்ற அஞ்சல் துறை ஊழியர், கிறிஸ்துமஸ் காலத்தில் குவியும் கடிதங்களைக் கண்டு, ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சிறு வில்லையை ஒட்டினால் காசநோய்க் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே என்று எண்ணினார். அரசரின் ஒப்புதல் கிடைத்தது. 1904இல் வில்லைகள் அஞ்சலகங்களில் விற்கப்பட்டு, முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றன. அப்பணத்தில் கோல்டிங் நகரில் குழந்தைகளுக்கான காசநோய் மருத்துவமனை எழுந்தது. 1907இல் எமிலி பிஸல் என்ற பெண்மணி அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இம்முறையைத் தொடங்கினார். இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950 முதல் வில்லை விற்பனை இயக்கத்தை நடத்தியது. பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் அவ்விற்பனையின் முக்கிய இடங்களாயின. ஒரு தலைமுறைத் தமிழ் மாணவர்கள் சில்லறைக் காசு கொடுத்து வாங்கி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய வில்லை அது.

அரசு ஊழியர் ஒருவர் மருத்துவமனைக்காக நிதி திரட்ட அரசு முறைப்படி அனுமதித்ததற்கு ஹோல்பெல்லின் வில்லை சிறந்த முன்மாதிரி. வில்லைக்கு விலை குறிக்கப்பட்டிருந்தது. பணம் ஒரு குழுவிடம் சென்றது. வாங்குபவர் நோயாளி அல்லர். வாங்க மறுத்தவரின் கடிதமும் போய்ச் சேர்ந்தது.

பிற நாட்டுச் சட்டங்கள்

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5க்கு முன் பல மருத்துவமனைகள் நன்கொடையில் இயங்கின. அன்று தேசிய சுகாதாரப் பணி தொடங்கியதும் அவை அரசுடைமையாயின. அரசு மருத்துவமனை நிர்வாகங்கள் தாமாக வரும் நன்கொடையை ஏற்கலாம். தாமே நிதி வேண்டுகோள் விடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1980ஆம் ஆண்டுச் சுகாதாரப் பணிகள் சட்டம் அந்த அதிகாரத்தை அளித்தது. அரசு தன் கடமையிலிருந்து நழுவ இது வழிவகுக்கும் என்ற அச்சம் ஒருபுறம், மக்களின் உதவும் மனத்தைப் பயன்படுத்தலாம் என்ற கருத்து மறுபுறம் என்று விவாதம் நிகழ்ந்தது. அவ்விவாதம் இன்றும் முடியவில்லை.

அமெரிக்காவில் சிக்கல் வேறு வகையானது. மாநிலப் பல்கலைக்கழக ஊழியர் மாநில அரசின் ஊழியர். அவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையோ தனி அறக்கட்டளைக்குச் சொந்தமானதாக இருக்கலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பலர் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றுவது இதற்கு ஓர் உதாரணம். அம்மாநிலத்தின் 1994ஆம் ஆண்டுப் பொதுப்பணி நெறிச் சட்டம், அரசு நேரத்தையும் வளத்தையும் பதவியையும் வெளியார் நன்மைக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. இத்தகைய சட்டத்தின் கீழ், இணைந்த மருத்துவமனைக்காக நிதி கேட்கும் பேராசிரியர் பொதுப்பணி செய்கிறாரா, வெளி நிறுவனத்துக்கு வேலை செய்கிறாரா என்ற கேள்வி எழும். சட்டமே தெளிவான அனுமதி தந்தாலொழிய ஊழியருக்குப் பாதுகாப்பு இல்லை.

அனுமதியோடு வரம்பும் வைக்கப்படுகிறது. தம்மிடம் சிகிச்சை பெறும் நோயாளியிடம், அதிலும் சிகிச்சை நேரத்தில், மருத்துவர் நேரடியாக நன்கொடை கேட்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறி. நோயாளியின் விவரங்களைக் கொண்டு மருத்துவமனை நன்கொடை வேண்டுகோள் அனுப்பலாம். ஆனால் ‘இனி அனுப்பாதீர்கள்’ என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு இருக்க வேண்டும் என்று 2013இல் திருத்தப்பட்ட அந்நாட்டு விதிகள் கூறுகின்றன. மறுத்ததற்காகச் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது என்பதும் விதி.

நோயாளர் நலச் சங்கம்

இந்தியா கண்ட வழி, கேட்பவரை மாற்றுவது. 1994இல் சூரத் நகரில் பிளேக் பரவியதாகச் செய்தி வந்து நாடே அஞ்சியது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலுள்ள மகாராஜா யஷ்வந்த்ராவ் அரசு மருத்துவமனை எலிகள் நிறைந்து சீர்கெட்டுக் கிடந்தது. மாவட்ட நிர்வாகமும் ஊர் மக்களும் சேர்ந்து அதைக் காலி செய்து, சுத்தப்படுத்தி, நன்கொடையால் சீரமைத்தனர். அதைத் தொடர்ந்து ரோகி கல்யாண் சமிதி என்ற பதிவு பெற்ற சங்கம் உருவானது. அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகள், தொண்டு நிறுவனத்தினர் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். நன்கொடை சங்கத்தின் கணக்கில் சேரும், அம்மருத்துவமனைக்கே செலவாகும்.

2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் இம்முறையை நாடெங்கும் கொண்டு சென்றது. தமிழ்நாட்டில் இது நோயாளர் நலச் சங்கம் எனப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையம் வரை இவ்வமைப்பு உண்டு. மருத்துவ அலுவலர் தேவையைச் சங்கத்தின் முன் வைக்கலாம். பணம் அவர் கைக்கு வராது. கல்வித் துறையில் 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டமும் ஏறத்தாழ இதே முறையில் இயங்குகிறது. பள்ளியின் தேவை இணையத்தில் வெளியிடப்படுகிறது. கொடுப்பவர் தலைமையாசிரியரிடம் அன்றி, திட்டத்துக்கான அமைப்பிடம் கொடுக்கிறார்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வணிகர்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊரில் நலச் சங்கத்துக்கு நன்கொடை எளிதில் வரும். மிளகும் காபியும் மரவள்ளியும் பயிரிட்டு வாழும் மலையூரில் எளிதில் வராது. அதிகத் தேவை உள்ள இடத்தில் குறைந்த நன்கொடை கிடைப்பது நன்கொடை முறையின் இயல்பான குறை. மலையடிவாரத்து ஊர்களிலும் வெளியூர்களிலும் உள்ளவர்களை மலையின் தேவையோடு இணைக்க ஒருவர் வேண்டும். பிராண்ட் தம்பதியர் தம் கடிதங்களால் செய்தது இதையே.

மதிப்பீடு

கொல்லிமலையில் இன்று செம்மேட்டில் அரசு மருத்துவமனையும், பல நாடுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. 2022 ஜனவரி 12 அன்று, ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. இவை அனைத்தும் பொதுப்பணத்தில் இயங்குபவை. மலைமக்கள் அங்கு சிகிச்சை பெறுவது எவருடைய இரக்கத்தாலும் அன்று, உரிமையால். நூறு ஆண்டுகளில் மலையில் ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றம் இது. நன்கொடை பற்றிய எந்த விதியும் இந்த உரிமையைக் குறைக்காத வகையில் அமைய வேண்டும்.

அரசு ஊழியரும் பல்கலைக்கழக ஊழியரும் மருத்துவமனைக்காக நிதி திரட்ட அனுமதிக்கும் சட்டங்கள் எங்கு இயற்றப்பட்டாலும், அவற்றை மதிப்பிட இவ்வரலாறு சில அளவுகோல்களைத் தருகிறது. பணம் கேட்கப்படுபவர் கேட்பவரின் சிகிச்சையில் உள்ள நோயாளியாக இருக்கக் கூடாது. பணம் தனி மனிதர் கையில் அன்றிக் கணக்கு காட்டும் ஓர் அமைப்பிடம் சேர வேண்டும். ஊழியர் தாமாக முன்வந்து கேட்க வேண்டும். மேலதிகாரியின் இலக்குக்காகக் கேட்கக் கூடாது. மறுப்பவருக்கு எந்த இழப்பும் நேரக் கூடாது. அரசு ஒதுக்க வேண்டிய தொகைக்கு நன்கொடை ஈடாகக் கூடாது.

இவ்வரம்புகளுக்குள், தேவையை நேரில் கண்டவர் அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்ல இடம் இருக்க வேண்டும். வாழவந்தியில் தொடங்கிய மருத்துவப் பணி, தாம் கண்டதைக் கண்டவர்களே எடுத்துச் சொன்னதால் நடந்த ஒன்று. இன்று செம்மேட்டு மருத்துவமனையின் செவிலியரும் அதேபோல் கண்டவரே. அவர் பணம் வாங்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தம் வார்டில் என்ன இல்லை என்பதை அவர் அச்சமின்றிச் சொல்வதற்கான முறையான வழியைத் திறந்து வைப்பதே விதிகளை இயற்றுவோர் செய்ய வேண்டிய பணி.